மழைக்காலமும் மின்சார இருசக்கர வண்டியும்: கடைக்காரர்கள் அறிய வேண்டியவை



வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. தீபாவளி, கார்த்திகை, பொங்கல் சரக்கு என்று நமக்கு வியாபாரம் சூடு பிடிக்கும் மாதங்களும் இவையே. முன்பெல்லாம் மழை என்றால் வெல்லம் கசியும், உப்பு நீர் விடும், பருப்பில் பூச்சி விழும் என்று சரக்கைப் பற்றி மட்டும் கவலைப்பட்டோம். இன்று கடை வாசலில் நிற்கும் மின்சார வண்டியையும் அந்தக் கவலையில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் செலவு இல்லை, பராமரிப்பு குறைவு, வீடு வீடாகச் சரக்கு கொண்டு சேர்க்க வசதி என்று நம்மில் பலர் மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறோம். வாங்கியது நல்லதே. ஆனால் எங்கள் மண்டிக்குச் சரக்கெடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் ஐப்பசி பிறந்ததும் ஒரே மாதிரியான குறைகளைச் சொல்கிறார்கள். ஒருவர் வண்டி திக்கித் திக்கி ஓடுகிறது என்கிறார். ஒருவர் முறுக்கினாலும் நகரவில்லை என்கிறார். இன்னொருவர் சார்ஜ் போட்டால் மெயின் விழுகிறது என்கிறார். மெக்கானிக்குகளிடமும் மின்பணியாளர்களிடமும் விசாரித்தும், எங்கள் வண்டிகளைக் கவனித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வானத்திலிருந்து விழும் மழை நல்ல வண்டியை எளிதில் கெடுப்பதில்லை. தேங்கிய நீரில் இறக்குவதும், ஈரம் காயாமல் சார்ஜ் போடுவதும்தான் கெடுக்கின்றன. இந்த இரண்டும் நம் கையில் இருப்பவை.

நீர் எங்கே புகுகிறது?

மின்சார வண்டியில் நீருக்கு அஞ்ச வேண்டிய இடங்கள் ஐந்து: பேட்டரி, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர், மோட்டார், கைப்பிடியில் உள்ள ஆக்ஸிலரேட்டர் மற்றும் பிரேக் சுவிட்சுகள், சார்ஜ் சாக்கெட். இவற்றை இணைக்கும் ஒயர் கனெக்டர்களில் நீர் தங்கினாலும் தொல்லைதான். அங்கே செம்பு பச்சை பூத்து, மின்சாரம் சரியாகப் பாயாமல் போகும்.

சிறிய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் மோட்டார் பின் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 23 செ.மீ. உயரம், நம் கணக்கில் அரை முழம். தெருவில் நீர் அந்த அளவுக்கு மேல் நின்றால் மோட்டார் முழுகிறது என்று பொருள். ஓடிச் சூடேறிய மோட்டார் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலுள்ள நீரை அச்சின் ஒயர் துவாரம் வழியாகவும் சீல் வழியாகவும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு மணி நேரம் மழையில் நின்ற வண்டிக்கு ஒன்றும் ஆகாமலும், இரண்டு நிமிடம் தேங்கிய நீரில் போன வண்டிக்கு மோட்டார் கெட்டும் போகிறது.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்வோம்: பாதி சக்கரம் மூழ்கும் நீரில் வண்டியை இறக்கக் கூடாது.

ஐ.பி. எண்ணைப் படிப்பது எப்படி?

விற்பனையாளர்கள் "இது ஐ.பி. 67 வண்டி, தண்ணீரில் ஒன்றும் ஆகாது" என்று சொல்வார்கள். முதல் எண் தூசிக்கு. 6 என்றால் தூசி புகாது. இரண்டாம் எண் நீருக்கு. 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். 6 என்றால் இன்னும் வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும்.

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த எண் பெரும்பாலும் பேட்டரிக்கோ மோட்டாருக்கோ தனியாகக் கொடுக்கப்பட்டது. முழு வண்டிக்கும் அல்ல. இரண்டாவது, புதிய பொருளை நல்ல நீரில் சோதித்துக் கொடுத்த எண் அது. மூன்று வருடம் மூட்டை சுமந்து, சீல் தேய்ந்த வண்டிக்கு அதே உத்தரவாதம் கிடையாது. மூன்றாவது, 7 என்று சொன்னதால் பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று பொருளில்லை. அது வேறு சோதனை. ஆகையால் சர்வீஸ் நிலையத்தில் பிரஷர் பம்பு வைத்து வாட்டர் வாஷ் செய்யக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

நம் கடைக்கே உரிய மூன்று பகைகள்

மற்றவர் வண்டிக்கு இல்லாத மூன்று பகைகள் பலசரக்குக் கடை வண்டிக்கு உண்டு.

முதல் பகை உப்பு. உப்பு மூட்டையைக் கால் வைக்கும் பலகையில் வைத்துக் கொண்டுபோகிறோம். பல வண்டிகளில் அந்தப் பலகைக்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது. மழையில் மூட்டை நனைந்தால் உப்பு நீர் இடுக்கு வழியாக இறங்கும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். நீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே படிந்திருந்து, அடுத்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பு, புளி, கருவாடு ஏற்றும்போது அடியில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரங்களை மேலே மடித்துவிட வேண்டும்.

இரண்டாம் பகை எலி. தானிய வாசனைக்கு வரும் எலி ஒயரையும் கடிக்கும். வெயில் காலத்தில் கடிபட்ட ஒயர் தொல்லை தராமல் இருக்கலாம்; முதல் மழையில் அந்த இடத்தில்தான் ஷார்ட் ஆகும். புரட்டாசி மாதத்திலேயே சீட்டைத் தூக்கி, ஒயர்களை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் பகை எறும்பு. சர்க்கரை, வெல்லம் சிந்திய வண்டியில் எறும்பு ஏறி, சார்ஜ் சாக்கெட்டுக்குள்ளும் குடியேறும். இனிப்புப் பிசுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிந்தியதை அன்றன்றே துடைப்பதுதான் மருந்து.

குறியும் கோளாறும்

நோயைக் குறியால் அறிவது போல வண்டியின் கோளாறையும் ஓரளவு நாமே அறியலாம்.

1. முறுக்கினாலும் வண்டி நகரவில்லை. டிஸ்பிளே மட்டும் எரிகிறது. பிரேக் பிடிக்காமலேயே பின்புறச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பிரேக் சுவிட்சில் நீர் தங்கியிருக்கிறது. பிரேக் பிடித்திருப்பதாக எண்ணி கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தி வைக்கிறது. காய்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

2. வண்டி திக்குகிறது, உதறுகிறது. மோட்டாருக்குள் சக்கரத்தின் நிலையைச் சொல்லும் சிறிய சென்சார்கள் உண்டு. அவற்றின் கனெக்டரில் ஈரம் இருக்கலாம். அப்படியே அடித்து ஓட்டினால் கன்ட்ரோலரும் கெடும். நிறுத்திக் காயவிட்டு மெக்கானிக்கிடம் காட்டவும்.

3. முறுக்காமலேயே வண்டி தானாக நகர்கிறது. இது ஆபத்தான குறி. ஆக்ஸிலரேட்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். பிரேக் பிடித்து உடனே சாவியை அணைக்க வேண்டும். பழுது பார்க்காமல் அந்த வண்டியை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

4. சார்ஜ் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதற்கு அது சாட்சி. அதைத் தவிர்த்துவிட்டு வேறு லைனில் போடுவது, நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

5. சார்ஜ் பிளக் சூடேறுகிறது, கருகிய வாசனை வருகிறது. பின் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருக்கிறது. சுரண்டிச் சமாளிக்க வேண்டாம். சாக்கெட்டையே மாற்றிவிடுவது சிக்கனம்.

ஈரமான கனெக்டர்களைக் காயவைக்க மின்விசிறிக் காற்று போதும். அடுப்பு, ஹீட்டர், சூடான காற்று ஊதும் கருவி வேண்டாம். காய்ந்தபின் மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயால் சுத்தம் செய்து, மின்கடத்தாத சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லலாம். பேட்டரிப் பெட்டியை மட்டும் நாமோ தெரு மெக்கானிக்கோ திறக்கக் கூடாது. அது கம்பெனி சர்வீஸ்காரர் வேலை.

சார்ஜ் போடும் இடம்

இனி நாம் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறோம்.

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கடையில் பற்றிய தீயும் புகையும் மேலே இருந்த விடுதிக்கு ஏறி 8 பேர் இறந்தார்கள். இவற்றுக்கு மழை காரணம் என்று நாம் சொல்லவில்லை. வண்டி நிற்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொல்கிறோம்.

இத்தகைய விபத்துகளுக்குப் பின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. புதிதாகவோ பழையதாகவோ வண்டி வாங்குபவர்கள், பேட்டரி இந்தத் திருத்திய விதிப்படி ஆனதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நம் கடைகளை எண்ணிப் பாருங்கள். முன்னே எண்ணெய் டின், பின்னே அட்டைப் பெட்டி, மேலே சாக்கு, ஓரத்தில் தீப்பெட்டி பண்டல். வழி ஒன்றே, அதிலும் இரவில் ஷட்டர் இறங்கியிருக்கும். பலர் மேல் மாடியில் குடும்பத்தோடு குடியிருக்கிறோம். மழை நாளில் திருட்டுக்குப் பயந்தும், நனையாமல் இருக்கவும் வண்டியை இந்தச் சரக்குக்கு நடுவில் ஏற்றி, ஈரத்தோடு சார்ஜ் போட்டுவிட்டு ஷட்டரை இறக்குகிறோம். இது எவ்வளவு பெரிய பந்தயம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் அடங்குவது 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 2 யூனிட். இந்த 2 யூனிட்டை ஒரு மணி நேரம் தாமதித்து ஏற்றுவதால் நமக்கு என்ன நட்டம்? அவசரப்பட்டால் பந்தயத்தில் இருப்பது கிடங்குச் சரக்கும், மாடியில் உறங்கும் குடும்பமும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

மழையில் வந்த வண்டியை நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சார்ஜ் சாக்கெட்டையும் பிளக்கையும் உலர்ந்த துணியால் துடைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் காயவிட்ட பிறகே சார்ஜ் போட வேண்டும். கையும் காலும் உலர்ந்திருக்க வேண்டும்.

சார்ஜ் போடும் இடம் கூரையுள்ள, காற்றோட்டமுள்ள, சரக்கில்லாத இடமாக இருக்க வேண்டும். வெளியேறும் வழியிலோ மாடிப்படிக்குக் கீழோ கூடாது. பெரும்பாலான சார்ஜர்கள் மழைக்கு ஏற்றவை அல்ல. அவற்றைத் தரையில் வைக்காமல் சுவரில் பலகை அடித்து உயரத்தில் வைக்க வேண்டும். சாக்கு மீதோ அட்டை மீதோ வைப்பதும், மேலே துணி போட்டு மூடுவதும் தவறு.

எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட் வேண்டும். அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்த வேண்டும். எம்.சி.பி. மட்டும் இருந்தால் அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். மனிதனுக்கு ஷாக் அடிப்பதைத் தடுக்காது. நீட்டிப்பு ஒயரில் சார்ஜ் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கும் ஆசிட் பேட்டரிக்கும் சார்ஜர் வேறு வேறு. பக்கத்துக் கடைச் சார்ஜரைக் கடன் வாங்கிப் போடக் கூடாது.

ஆள் இருக்கும் நேரத்திலேயே சார்ஜ் போட வேண்டும். மதியம் வியாபாரம் ஓய்ந்த நேரம் இதற்கு ஏற்றது. கடை அடைக்கும்போது கல்லாவைப் பூட்டுவது போல, பிளக்கைப் பிடுங்குவதும் ஒரு வழக்கமாக வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையைக் கண்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவாயிற்று. அப்படி ஒரு நாள் வந்து வண்டி மூழ்கினால் என்ன செய்வது?

சாவியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. சார்ஜ் போடவே கூடாது. நீர் வடிந்தபின் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்த் திறந்த வெளியில், கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் முடிந்தால் 15 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். வெளியே நன்றாகக் காய்ந்துவிட்டது என்று கிடங்குக்குள் ஏற்றக் கூடாது. லித்தியம் பேட்டரிக்குள் நீர் புகுந்திருந்தால் உடனே ஒன்றும் ஆகாமல், நாட்கள் கழித்தோ வாரங்கள் கழித்தோ தீப்பற்றக்கூடும்.

கடலோர ஊர் வணிகர்கள் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2012 அக்டோபரில் அமெரிக்காவில் சாண்டி புயல் வீசியபோது, நெவார்க் துறைமுகத்தில் கடல் நீரில் மூழ்கிய பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் 16 எரிந்துபோயின. 2022 செப்டம்பரில் இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவிலும் உப்பு நீரில் நனைந்த மின்சாரக் கார்கள் தீப்பற்றின. காரில் இருப்பதும் நம் ஸ்கூட்டரில் இருப்பதும் ஒரே வகை லித்தியம் பேட்டரிதான், அளவுதான் வேறு.

பேட்டரியிலிருந்து சீறும் சத்தம், புகை, விசித்திர வாசனை, வீக்கம், தொடாமலே உணரும் சூடு இவற்றில் எது தெரிந்தாலும் அருகில் நிற்கக் கூடாது. ஆட்களை வெளியேற்றி, எட்டும் தூரத்தில் இருந்தால் மெயினை அணைத்து, 101 அல்லது 112 எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் புகை நஞ்சு. சரக்கைக் காப்பாற்ற உள்ளே போகவே கூடாது.

வண்டி ஓட்டும் பையனுக்கு நம் உத்தரவு

வண்டியை ஓட்டுவது நாமல்ல; பெரும்பாலும் கடையில் வேலை செய்யும் தம்பிதான். தேங்கிய நீரில் இறங்குவதா, திரும்புவதா என்பதை அந்த இடத்தில் முடிவு செய்பவன் அவன். சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தால் முதலாளி கோபிப்பார் என்ற பயம் இருந்தால் அவன் இறங்கத்தான் செய்வான். நீருக்கு அடியில் திறந்த சாக்கடை இருக்கலாம். அறுந்த மின்கம்பி கிடக்கலாம். "தண்ணீர் நின்றால் திரும்பி வந்துவிடு, நான் போனில் சொல்லிக்கொள்கிறேன்" என்று முதல் மழைக்கு முன்பே சொல்லி வைப்பது நம் கடமை. வண்டி நனைந்து பழுதானால் அவன் சம்பளத்தில் பிடிப்பது முறையல்ல. பிடித்தால் அடுத்த முறை கோளாறை நம்மிடம் சொல்லாமல் மறைத்துவிடுவான். அந்த மறைப்பு இரவு சார்ஜில் வந்து நிற்கும்.

மின்சார வண்டி முறுக்கியதும் சட்டென்று இழுக்கும் தன்மையுடையது. ஈரமான சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு, சேறு இவற்றின் மேல் மெதுவாக முறுக்கவும், வளைவில் பிரேக் அடிக்காமலிருக்கவும் சொல்ல வேண்டும். மழை நாளில் சுமையைக் குறைத்து இரண்டு நடையாக அனுப்புவது நல்லது.

இன்சூரன்ஸ்

பதிவெண் உள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். ஆனால் அது மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். மூழ்கிய வண்டியை முதலில் படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மூழ்கியபின் இயக்கியதால் வந்த சேதம் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது.

250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட, பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளுக்குப் பதிவெண் தேவையில்லை. அதனாலேயே பலர் அவற்றுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதில்லை. அந்த வண்டியால் கடைக்குத் தீ வந்தால் கைகொடுப்பது கடைப் பாலிசிதான். 2021 ஏப்ரல் 1 முதல், 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. தீயும் வெள்ளமும் அதில் அடங்கும். கடைக்குள் மின்சார வண்டி சார்ஜ் போடுவதை ஏஜெண்டிடம் மறைக்காமல் சொல்லி, அதற்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்கி வைக்கவும்.

நினைவில் நிற்க

பாதி சக்கரம் மூழ்கும் நீரில் இறங்காதே. ஈரத்தோடு சார்ஜ் போடாதே. சரக்குக்கு நடுவில் சார்ஜ் போடாதே. ஆளில்லாதபோது சார்ஜ் போடாதே. மூழ்கிய வண்டியை இயக்காதே, உள்ளே ஏற்றாதே. இந்த ஐந்தையும் ஓர் அட்டையில் எழுதி, சார்ஜ் பாயின்ட் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கடையில் வேலை செய்யும் அனைவரும் படிக்கட்டும்.

மழை நமக்கு வேண்டும். மழை பெய்தால்தான் விளைச்சல். விளைச்சல் இருந்தால்தான் நமக்குச் சரக்கு. மழை நாளிலும் வியாபாரம் நடக்கட்டும், வண்டியும் ஓடட்டும். மாலையில் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பட்டும்.